முற்றட்டும் என்று காத்திருந்த காலம்

“இன்னும் முத்தல. முத்தினதும் வாங்க.”

ஐம்பது வருடங்களுக்கு முன் கண்ணில் புரை விழுந்தவர் டாக்டரிடம் போனால் பெரும்பாலும் இந்தப் பதிலோடுதான் வீடு திரும்புவார். திரும்பியவர் காத்திருப்பார். முதலில் பஸ்ஸின் ஊர்ப் பலகை தெரியாமல் போகும். பிறகு எதிரே வருபவர் யார் என்பது குரல் கேட்டால்தான் தெரியும். அரிசியில் கல் பொறுக்குவது பேத்தியின் வேலையாகிவிடும். கடைசியில் கண்ணின் பாப்பா பால் வெள்ளையாகி, பகலா இரவா என்பது மட்டும் தெரிகிற நிலை வந்ததும், “இப்ப முத்திருச்சு” என்று ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்கள்.

அன்றைக்கு அது தவறான ஆலோசனை இல்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆகக் கலங்கிப் போவதுதான் புரை. பழைய முறை ஆபரேஷனில் அந்த லென்ஸை எடுக்கத்தான் முடிந்தது. அதன் இடத்தில் வேறொன்றை வைக்க வழியில்லை. முற்றாத லென்ஸின் பசை போன்ற பகுதி உள்ளேயே தங்கிவிடும் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. லென்ஸ் இல்லாத கண்ணுக்குப் பத்து பவர் அளவுக்குத் தடித்த கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடியோடு வாழ்வதைவிட மங்கலாகத் தெரிகிற சொந்தக் கண்ணே மேல். ஆகவே, இழப்பதற்கு எதுவும் மிச்சம் இல்லாத நிலை வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள்.

அந்தக் கண்ணாடியை எங்கள் அப்பத்தா போட்டிருந்தார். சோடாபுட்டிக் கண்ணாடி என்று ஊரே சொன்ன அந்தக் கனத்த கண்ணாடி, பார்க்கும் பொருளைக் கால் பங்கு பெரிதாக்கிக் காட்டும். பெரிதாகத் தெரிவதால் கிட்டத்தில் இருப்பதாகவும் தோன்றும். அப்பத்தா மோர் ஊற்றினால் டம்ளருக்கு இந்தப் பக்கமே ஊற்றுவார். படி இறங்கும்போது காலை நீட்டி நீட்டித் துழாவுவார். நேரே பார்த்தால் மட்டுமே தெரியும். பக்கத்தில் ஓடி வரும் குழந்தை திடீரென்று முளைத்ததுபோல் முன்னே நிற்கும். மூக்கின் மேல் அந்தக் கனத்தால் விழுந்த இரண்டு பள்ளங்கள் கடைசிவரை ஆறவில்லை. கண்ணாடி கீழே விழுந்து உடைந்தால், அடுத்த கண்ணாடி வரும்வரை அவர் மறுபடியும் பார்வையில்லாதவர். அந்த நாட்களில் அவர் கட்டிலை விட்டு இறங்கமாட்டார். ஆனாலும் அவர் அந்த ஆபரேஷனைக் குறைத்துப் பேசியதில்லை. பேரன் முகம் தெரிகிறதே, அதற்குமேல் என்ன வேண்டும் என்பார்.

ஆபரேஷன் நடந்ததும் இன்றைக்குப் பார்ப்பதுபோல் இல்லை. ஆஸ்பத்திரி இல்லாத ஊர்களில் கோடை விடுமுறைப் பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோதான் கேம்ப் நடக்கும் இடம். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருப்பார்கள். கருவிழியின் ஓரத்தில் பாதி வட்டத்துக்கு வெட்டுப் போட்டு, லென்ஸை அதன் உறையோடு முழுதாக வெளியே எடுத்துத் தையல் போடுவார்கள். தையல் பிரிந்தால் கண் போய்விடும். அதனால் தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, கண்ணைக் கட்டி, மல்லாந்து படுக்க வைப்பார்கள். இருமக்கூடாது, குனியக்கூடாது, மெல்லுகிற மாதிரி சாப்பிடக்கூடாது. கூட ஒருவர் இருந்து கஞ்சி ஊட்ட வேண்டும். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இரண்டு பேர் அத்தனை நாள் வேலையை விட்டு உட்கார முடியாது. முற்றியும் போகாமல் இருந்தவர்கள் பலர் அந்தக் காரணத்தால்தான் போகவில்லை. “வயசானா கண்ணு போறதுதானே” என்று தங்களுக்கே சொல்லிக்கொண்டார்கள். அதிலும் பெண்கள் இன்னும் தாமதம். அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடக்கத் தெரிந்தால் போதாதா என்று வீடும் நினைத்தது, அவர்களும் நினைத்தார்கள்.

நம் மண்ணில் கண் வைத்தியம் நேற்று வந்தது இல்லை. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கண் நோய்களில் தனி அக்கறை காட்டியவர். அவர் காலத்தில் சிகிச்சை பெற்றவர்களின் கண்களை வண்ணத்தில் வரைந்து, நோயின் விவரத்தோடு எழுதி வைத்த ஏடுகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-ல் தொடங்கியது. உலகில் இன்றும் நடக்கிற மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. திருச்சி ஜோசப் கண் மருத்துவமனை 1934-ல் வந்தது. படித்த டாக்டர்களும் நல்ல ஆஸ்பத்திரிகளும் இருந்தும், ஒரு ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே இருந்த தூரத்தைக் கடக்கத்தான் வழியில்லாமல் இருந்தது.

அந்தத் தூரத்தைக் குறைத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர். பிரசவ மருத்துவராக ஆசைப்பட்டார். முப்பது வயதில் வந்த முடக்குவாதம் அவருடைய விரல்களை முறுக்கிவிட்டது. அந்த விரல்களுக்கு ஏற்றாற்போல் கருவிகளைப் பழக்கிக்கொண்டு கண் அறுவைக்கு வந்தார். மதுரை அரசு ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஊர் ஊராகக் கேம்ப் நடத்தினார். வாழ்நாளில் அவர் கையால் ஆன கண் ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1976-ல், ஓய்வு பெற்ற பிறகு, தம்பி தங்கைகளைச் சேர்த்துக்கொண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுக்க முடிந்தவர் கொடுப்பது, முடியாதவருக்கு இலவசம், இரண்டு பேருக்கும் அதே டாக்டர் என்பது ஏற்பாடு. இரண்டு ஆண்டு கழித்து சென்னையில் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் சங்கர நேத்ராலயாவை ஆரம்பித்தார்.

ஆனால் ஆஸ்பத்திரி பெருகியதால் மட்டும் சோடாபுட்டி மறையவில்லை. அதை மறைய வைத்தது ஒரு சிறு பிளாஸ்டிக் வில்லை. 1949-ல் லண்டனில் ஹரால்டு ரிட்லி என்ற டாக்டர் முதன்முதலாகச் செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் வைத்தார். போர் விமானத்தின் பிளாஸ்டிக் கூரை உடைந்து அதன் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தங்கியபோது, அந்தப் பொருளைக் கண் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்துத்தான் அவர் அந்த முயற்சியில் இறங்கினார். அது நம் ஊர் ஏழைக்கு வந்து சேர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வெளிநாட்டிலிருந்து வந்த லென்ஸ் ஒன்றின் விலை ஒரு விவசாயக் கூலியின் பல மாத வருமானம். 1992-ல் மதுரையிலேயே அரோலேப் என்ற நிறுவனம் தொடங்கி லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் விலை இறங்கியது. அது வரைக்கும் பணம் கட்டுபவருக்கு லென்ஸ், இலவசப் பிரிவில் படுத்திருப்பவருக்குச் சோடாபுட்டி என்று இருந்த பிரிவினை அதன் பிறகுதான் அழிந்தது. தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றில் இதற்கு நாம் கொடுக்கிற இடம் மிகச் சிறியது என்பது என் வருத்தம்.

இன்றைக்குப் புரை ஆபரேஷன் என்பது காலையில் போய் மாலையிலோ மறுநாளோ வீடு திரும்புகிற வேலை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் துளை வழியாக, மீயொலி அதிர்வால் லென்ஸைக் கரைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, சுருட்டிய லென்ஸை உள்ளே நுழைத்து விரிய விடுகிறார்கள். இல்லையென்றால் ஆறேழு மில்லிமீட்டர் வெட்டில், தையல் இல்லாமல் தானே மூடிக்கொள்ளும்படி செய்கிறார்கள். பின்னதுக்கு விலை உயர்ந்த இயந்திரம் வேண்டாம். முற்றிய புரைக்கும் நன்றாகப் பொருந்தும். கைதேர்ந்தவர் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுவார். மணல் மூட்டைக்கு வேலை இல்லை.

இத்தனை மாறியும் அந்தப் பழைய வாக்கியம் போகவில்லை. இன்றும் வீடுகளில், “இப்ப என்ன அவசரம், முத்தட்டும்” என்கிறார்கள். ஆபரேஷன் மாறியதால் ஆலோசனையும் தலைகீழாக மாறிவிட்டது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இன்றைக்கு முற்ற விடுவதுதான் ஆபத்து. முற்றிய லென்ஸ் கல்லாக இறுகும். ஆபரேஷன் கடினமாகும், குணமாக நாளாகும். சிலருக்கு அது உப்பி, கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றி, தாங்க முடியாத வலியோடு பார்வை நரம்பையே கெடுத்துவிடும். அப்படிக் கெட்ட பிறகு எவ்வளவு நல்ல லென்ஸ் வைத்தாலும் பிரயோசனம் இல்லை. எப்போது ஆபரேஷன் என்பதற்கு இன்றைய கணக்கு எளிது. புரையால் அன்றாட வேலை தடைபடுகிறதா, வண்டி ஓட்ட, தைக்க, படிக்க, படி இறங்கச் சிரமமாக இருக்கிறதா? இருந்தால் நேரம் வந்துவிட்டது. புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம். அப்படி ஒன்று இதுவரை இல்லை.

புரையைத் தவிர அன்றைக்குக் கண்ணைப் பறித்த மற்ற இரண்டு பெரிய எதிரிகள் நம் தெருவை விட்டே போய்விட்டன. ஒன்று பெரியம்மை. அம்மை போட்டுக் கண் போனவர் இல்லாத கிராமம் அன்று அரிது. 1977-ல் இந்தியா பெரியம்மை ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது. இன்னொன்று வைட்டமின் ஏ குறைவு. அந்தி சாய்ந்ததும் குழந்தை சுவரைப் பிடித்து நடக்கும். மாலைக்கண் என்பார்கள். வெள்ளை விழியில் நுரை ஒட்டியதுபோல் ஒரு திட்டு தெரியும். அதையும் விட்டால், ஒரு வயிற்றுப்போக்கோ தட்டம்மையோ வந்த வாரத்தில் கருவிழி உருகிப் போய்விடும். முருங்கைக் கீரை கொல்லையில் இருக்கும்போதே குழந்தைகள் பார்வை இழந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. 1970-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் ஊற்றுவது வழக்கமாயிற்று. இது கண்ணை மட்டும் காப்பதில்லை. திருச்சிப் பக்கத்துக் கிராமங்களில், வாராவாரம் சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியதை மதுரை ஆய்வாளர்கள் 1990-ல் உலகுக்குக் காட்டினார்கள். உங்கள் வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் அங்கன்வாடியில் அந்தத் திரவம் கொடுத்தார்களா என்று கேளுங்கள். கொடுக்கும் நாளில் குழந்தையை ஊருக்கு அனுப்பாதீர்கள்.

போகாமல் இருப்பது கண் புண். கதிர் அறுக்கும்போது நெல் தாள் குத்தும். கரும்புச் சோகை கிழிக்கும். தூற்றும்போது உமி விழும். கருவிழியில் விழுந்த அந்தச் சிறு கீறலில் பூஞ்சை குடியேறிவிடும். நம் பக்கத்து வெப்பத்துக்கும் வேலைக்கும் பூஞ்சைப் புண் அதிகம். அன்று தாய்ப்பாலும் எருக்கம்பாலும் விளக்கெண்ணெயும் ஊற்றினார்கள். இன்று அதைவிட மோசமான ஒன்று நடக்கிறது. மருந்துக் கடையில், சீட்டு இல்லாமல், “கண்ணு சிவந்திருக்கு, ஒரு சொட்டு மருந்து குடுங்க” என்று வாங்குகிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு ஒரே நாளில் அடங்கும். வலியும் குறையும். ஆனால் உள்ளே பூஞ்சைக்கு அது சாப்பாடு போட்டதுபோல் ஆகிவிடும். ஒரு வாரம் கழித்து வரும்போது கருவிழியின் நடுவே வெள்ளைத் தழும்பு. பூஞ்சைப் புண்ணுக்கு நாட்டமைசின் என்ற பழைய மருந்தே புதிய, விலை கூடிய மருந்தைவிட நன்றாக வேலை செய்கிறது என்று அரவிந்தில் நடந்த ஆய்வு 2013-ல் காட்டியது. மருந்து இருக்கிறது. சரியான மருந்தை முதல் இரண்டு நாளில் போட வேண்டும், அவ்வளவுதான். வயலில் கண்ணில் ஏதாவது பட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே காட்டுங்கள். கசக்காதீர்கள். தழும்பு விழுந்துவிட்டால், இறந்தவர் தானமாகக் கொடுத்த கருவிழிதான் அடுத்த வழி. ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால், துக்க வீட்டில் யாராவது ஒருவர் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கண் வங்கிக்குப் போன் செய்தாக வேண்டும். கண்ணாடி போட்டவரும் புரை ஆபரேஷன் ஆனவரும் கண் கொடுக்கலாம்.

மழைக்காலத்தில் வருகிற மெட்ராஸ் ஐ இதற்கு நேர்மாறு. பயமுறுத்தும், ஆனால் பெரும்பாலும் தானே ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக்கால் பெரிய பலன் இல்லை. பார்த்தாலே ஒட்டாது. தொட்ட கையாலும் துண்டாலும் தலையணையாலும்தான் ஒட்டும். வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, பார்வை மங்கினாலோ காத்திருக்கக் கூடாது.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். அன்றைய நோய்கள் முகத்தில் தெரிந்தன. பால் வெள்ளைப் பாப்பாவை அடுத்த வீட்டுக்காரர் பார்த்துச் சொல்வார். மாலைக்கண்ணைத் தாய் கண்டுபிடிப்பாள். இன்று பார்வையைப் பறிக்கிற நோய்கள் அப்படி வருவதில்லை. கண் பளிச்சென்று இருக்கும். பேப்பர் படிக்க முடியும். உள்ளே நோய் வேலை செய்துகொண்டிருக்கும்.

சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். அது விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைப் பலவீனப்படுத்தும். குழாய்கள் கசியும். பிறகு அடைபடும். அடைபட்ட இடத்துக்கு ரத்தம் கொண்டுபோக, பலமில்லாத புதிய குழாய்கள் முளைக்கும். அவை ஒரு நாள் வெடித்துக் கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். அந்த நாள்வரை பலருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. சென்னை நகரில் நடந்து 2005-ல் வெளியான க்யூர்ஸ் ஆய்வு, சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு மேல் விழித்திரை பாதிப்பு இருப்பதைக் கண்டது.

ஒரு சிறு ஊரில் பார்வை மையத்தில் உட்கார்ந்திருந்தபோது கேட்ட பேச்சு இது. உரக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. சேலைச் சீருடையில் இளம்பெண் ஒருவர், பக்கத்துக் கிராமத்தில் பிறந்து ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றவர், வந்திருந்த பெரியவரின் கண்ணைச் சோதிக்கிறார்.

“ஐயா, சுகர் இருக்கா?”

“இருக்கும்மா. எட்டு வருசமா மாத்திரை போடுறேன்.”

“கண்ணுக்கு உள்ள எப்பவாச்சும் பாத்துருக்கீங்களா?”

“நல்லாத்தானே தெரியுது தாயி, எதுக்கு?”

அந்தப் பெண் வாக்குவாதம் செய்யவில்லை. “தெரியுறப்பவே பாத்துக்கிட்டா தெரிஞ்சுக்கிட்டே இருக்கும்ல ஐயா” என்று சொல்லி, தாடையைக் கருவியில் வைக்கச் சொன்னார். விழித்திரையின் படம் திரையில் விழுந்தது. ஆரஞ்சு நிறப் பரப்பில் ஊசி குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள், ஓரத்தில் மஞ்சள் படிவம். அதைப் பெரியவரும் பார்த்தார். “இது என் கண்ணா?” என்று இரண்டு முறை கேட்டார். தொலைவிலிருந்த டாக்டர் திரையில் வந்து, லேசர் வேண்டியிருக்கலாம், இந்த வாரமே வாருங்கள் என்றார்.

இந்த மையங்கள் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கண்ணில் குறை இருந்தும் கேம்ப்புக்கு வந்தவர்கள் நூற்றில் ஏழு பேர் அளவுக்குத்தான் என்று தென்தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்து 1999-ல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது. ஆயிரக்கணக்கில் கூட்டம் வருகிறது என்று மகிழ்ந்திருந்தவர்களுக்கு அது பெரிய அடி. வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரும் கேம்ப்பை நம்பாமல், என்றைக்கும் திறந்திருக்கும் சிறு மையங்களை அரவிந்த் 2004 முதல் திறக்க ஆரம்பித்தது. தேனிப் பக்கம் தொலைதூர வைஃபை கோபுரங்கள் வழியாக டாக்டரும் நோயாளியும் முகம் பார்த்துப் பேசினார்கள். வீடியோ காலைப் பற்றி நாம் கேள்விப்படாத காலம் அது. இப்போது விழித்திரைப் படத்தைப் படித்துச் சொல்லக் கணினிக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அதற்காக 2016-ல் வெளியான ஆரம்ப ஆய்வு ஒன்றில் நம் ஆஸ்பத்திரிகளின் படங்களும் இருந்தன.

சர்க்கரை கண்டுபிடித்த அன்றே ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை, கண்ணை விரிய வைத்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பிடித்து வைப்பதுதான் கண்ணுக்கான முதல் மருந்து. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்த்து மாத்திரை தருகிறார்கள். மாத்திரை வீடு தேடி வருவதால் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிடக் கூடாது. கண் பரிசோதனைக்கு நாம்தான் போக வேண்டும். லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் இருக்கிற பார்வையைக் காக்கும். போனதை முழுதாகத் திருப்பித் தருவது அரிது.

குளுக்கோமா இதைவிட மௌனமானது. பார்வை நரம்பு ஓரத்திலிருந்து அழியும். கறையான் அரித்த கதவு தட்டிப் பார்க்கும்வரை கதவாகவே நிற்பதுபோல, நேர்ப் பார்வை கடைசிவரை தெளிவாக இருக்கும். மதுரை, சென்னைப் பக்கத்துக் கிராமங்களில் ஆயிரக்கணக்கானவர்களைச் சோதித்த ஆய்வுகளில், இந்த நோய் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருந்தார்கள். தெரிந்தால் வழி உண்டு. சொட்டு மருந்தை விடாமல் போட்டால் பெரும்பாலானவர்களுக்கு இருக்கும் பார்வை ஆயுள்வரை நிற்கும். ஆனால் சொட்டு மருந்து போட்டதும் பார்வை கூடுவதில்லை, வலி குறைவதில்லை. அதனால்தான் பலர் இரண்டு மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். இந்த நோயில் “முத்தட்டும்” என்ற சொல் கொலைக்குச் சமம். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் நாற்பதுக்கு முன்பே சோதிக்க வேண்டும். ஆஸ்துமாவுக்கோ தோல் வியாதிக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவரும் அப்படியே. திடீரென்று கண்ணில் கடும் வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அது வேறு வகைக் குளுக்கோமாவாக இருக்கலாம். தலைவலி மாத்திரை போட்டுப் படுக்காமல் அன்று ராத்திரியே ஓடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் மாற்றம் இன்னும் வினோதமானது. அன்று குறைமாதத்தில், ஒன்றேகால் கிலோ எடையில் பிறந்த குழந்தை பிழைப்பதே அபூர்வம். இன்று பிழைக்கிறது. அதன் விழித்திரை ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. 34 வாரத்துக்கு முன்போ, இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால், 30 நாளைக்குள் விழித்திரையைச் சோதித்தே ஆக வேண்டும். ‘முப்பது நாள் தீட்டு கழியட்டும், வெளியே எடுத்துப் போகலாம்’ என்று வைத்திருந்து கண்ணை இழந்த குழந்தைகள் உண்டு.

பள்ளிக்கூடத்தில் முன்பெல்லாம் வகுப்புக்கு ஒரு பிள்ளை கண்ணாடி போட்டிருக்கும். அதற்குப் பட்டப் பெயரும் இருக்கும். பெண் பிள்ளை என்றால் கல்யாணம் தடைபடும் என்று கண்ணாடியை மறைப்பார்கள். போர்டு தெரியாத பிள்ளை மக்கு என்று பெயர் வாங்கிக் கடைசி பெஞ்சுக்குப் போகும். அங்கிருந்து இன்னும் தெரியாது. அந்தப் பிள்ளைகள் எத்தனை பேர் படிப்பை விட்டார்கள் என்று எந்தக் கணக்கும் இல்லை. 2009-ல் வந்த கண்ணொளி காப்போம் திட்டம் பள்ளியிலேயே சோதித்து இலவசக் கண்ணாடி கொடுத்தது பெரிய காரியம். கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்ற பேச்சில் உண்மை இல்லை. தேவையான பவர் போடாமல் விட்டால் சிறு வயதில் ஒரு கண் பார்க்கவே பழகாமல் சோம்பேறிக் கண்ணாகிவிடும். ஏழெட்டு வயதுக்குமேல் அதைத் திருத்துவது கடினம்.

இப்போது கிட்டப்பார்வை கூடிக்கொண்டே போகிறது. போன் ஒரு காரணம். டியூஷனும் அடைந்த வீடும் அதைவிடப் பெரிய காரணமாக இருக்கலாம். தினம் இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது என்பது பல நாடுகளில் உறுதியாகியிருக்கிறது. நாம் வீதியில் கிட்டிப்புள் ஆடியபோது கண்ணுக்கு வைத்தியம் செய்துகொண்டிருந்தோம் என்று யாருக்கும் தெரியாது. நீலவெளிச்சக் கண்ணாடிக்குச் செலவழிப்பதைவிட மாலையில் பிள்ளையை வெளியே அனுப்புவது மேல். கணினியில் வேலை செய்யும் பெரியவர்களுக்கு எரிச்சல் வருவது முக்கால்வாசி, இமைக்க மறப்பதால். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் எதையாவது பார்த்து நன்றாக இமைத்தாலே குறையும்.

நாற்பதைத் தாண்டியதும் வருகிற வெள்ளெழுத்து மட்டும் அன்றும் இன்றும் ஒரே மாதிரி எல்லோருக்கும் வருகிறது. அன்று ஊசியில் நூல் கோக்க அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். தையற்காரருக்கும் நெசவாளிக்கும் பூக்கட்டுபவருக்கும் கை நன்றாக இருக்கும்போதே தொழில் குறைந்தது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில், படிக்கும் கண்ணாடி கொடுத்ததும் இலை பறிக்கும் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியதை 2018-ல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. மதுரைப் பூ மார்க்கெட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு மல்லிகை தொடுக்கும் அக்காக்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும்.

இன்று அந்தக் கண்ணாடி நடைபாதையில் கிடைக்கிறது. போட்டுப் பார்த்து, எழுத்து தெரிந்தால் வாங்கிக்கொள்கிறோம். அது கண்ணைக் கெடுக்காது. ஆனால் நாற்பது வயதில் கண்ணைப் பற்றி நினைக்க நமக்குக் கிடைக்கிற ஒரே சந்தர்ப்பம் அதிலேயே முடிந்துவிடுகிறது. எழுத்து மங்குவதற்காக ஆஸ்பத்திரிக்கோ பார்வை மையத்துக்கோ போனால் பவர் பார்ப்பதோடு நில்லாமல் கண் அழுத்தம், பார்வை நரம்பு, விழித்திரை எல்லாவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். கண் விரிய மருந்து போட்டால் நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் தெரியாது, வெயில் கூசும். அதனால் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு கூலிங் கிளாஸோடும் துணையோடும் போங்கள். போடுகிற மாத்திரைகளின் சீட்டையும் கடைசியாக எடுத்த சுகர் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ குளுக்கோமாவுக்குச் சொட்டு மருந்து போட்டதுண்டா என்று வீட்டில் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள். டாக்டர் அதைக் கட்டாயம் கேட்பார்.